மன்னிப்பு வர வேண்டிய இடம்

யாரும் பங்களிக்கக்கூடிய ஓர் இலவச மென்பொருளுக்கு மண்டபம் என்ற எங்கள் கடற்கரை ஊரில் வீட்டிலிருந்தே நிரல் எழுதிவந்தேன். என் ஊர் தெரிந்த ஒருவன், அதன் பொதுத்தளத்தில் என் நிரலுக்குக் கீழே, "இதுக்குக் கருவாடு விக்கப் போகலாமே" என்று எழுதினான். சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். எங்கள் அய்யா கருவாடு விற்றவர்தான். அவன் அதை ஏளனமாகச் சொன்னதுதான் எரிந்தது. நடத்தை விதிகளைக் காட்டி நிர்வாகக் குழுவிடம் புகார் செய்தேன்.

அவனிடமிருந்து எனக்கு மட்டும் மின்னஞ்சலில் மன்னிப்பு வந்தது.

"அதான் கேட்டுட்டான்ல, விடு" என்றார் கணவர்.

"ஏசுனது எல்லாரும் பாக்க. மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திக்கிட்டா?"

குழுவுக்கும் அப்படியே எழுதினேன்.

மறுநாள் பொதுத்தளத்திலேயே மன்னிப்புக் கேட்டிருந்தான். மேலே அவன் எழுதிய ஏச்சு அப்படியே இருந்தது. சிரிப்புப் படங்களைத்தான் ஒன்றுகூடக் காணவில்லை.