முதுகு அண்ணன் முகம் காட்டிய படம்

அவருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனால் படப்பிடிப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'முதுகு அண்ணே' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷம் கதாநாயகர்களுக்கு டூப் போட்டவர். மாடியிலிருந்து குதித்தது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தது, ஓடும் லாரியில் தொங்கியது எல்லாம் அவர்; கைதட்டல் மட்டும் வேறு ஆளுக்கு. கேமரா அவரிடம் பார்த்ததெல்லாம் முதுகுதான் என்பதால் அந்தப் பெயர். வைத்த புண்ணியவான் நான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பின்னாடி இருந்து பாத்தா நான் பெரிய ஸ்டாருடா" என்று சிரித்தார்.

நான் அப்போது துணை இயக்குநர். மானிட்டர் முன்னால் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. முந்தின ஷாட்டில் இடக்கையில் இருந்த கடிகாரம் வலக்கைக்குப் போனால் கத்த வேண்டும். டூப்பின் முகம் தெரிந்தால் கத்த வேண்டும். கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தப் படம், போதைமருந்துக் கும்பலுக்குள் ஆள் மாறி நுழையும் ஒரு போலீஸ்காரனின் கதை. படம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய கிடங்குதான் எங்களுக்கு மொத்த உலகமும். காலையில் அது கும்பலின் பதுங்குமிடம். மத்தியானம் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினால் போலீஸ் அலுவலகம். வெள்ளைத் துணி கட்டினால் ஆஸ்பத்திரி. வில்லன் உறுமிக்கொண்டு தூக்கிக் காட்டிய பாக்கெட்டுகளில் இருந்தது குளுக்கோஸ். களைத்துப்போனவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாக்கெட்டைக் கரைத்துக் குடித்துத் தீர்த்ததால், கடைசி நாட்களில் எங்கள் கும்பல் மைதா மாவு கடத்தியது. கதாநாயகனுக்கு ஒரு தோல் ஜாக்கெட், அண்ணனுக்கு அதே நிறத்தில் ரெக்சின் ஜாக்கெட்.

அண்ணி துணி கம்பெனியில் காலர் தைப்பவர். அண்ணன் டூப் போட்ட படம் ஒன்றையும் விட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. "எது நீன்னு எனக்கு மட்டும்தான் தெரியுது. கூட வேலை பாக்குறவங்க ஒருத்தியும் நம்ப மாட்டேங்கறா. ஒரே ஒரு தடவை மூஞ்சியைக் காட்டேன்யா, முதுகையா நான் கட்டிக்கிட்டேன்?" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். டீ குடிக்கும்போது அண்ணன் இதை எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். இந்தப் படத்தின்போது ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்.

"முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது தம்பி. இதான் கடைசிப் படம். மூஞ்சியைக் காட்டுறேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"நம்ம ஹீரோ மூஞ்சியையே எவனும் பாக்கப் போறதில்ல, போண்ணே" என்றேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

கடைசி நாள், வேவு பார்க்க வந்தவன் யாரென்று கும்பலுக்குத் தெரிந்துபோய், அவன் மாடி ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பும் காட்சி. கீழே காலி அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தோம். காலிப் பெட்டி நசுங்கும்போது விழுகிற வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தடவை குதிக்கவும் புதுப் பெட்டி வேண்டும். எங்களிடம் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

அண்ணன் குதித்தார். பாதி வழியில் அவர் தலை திரும்பியது. முகம் நேராகக் கேமராவுக்கு வந்தது, ஓரமாக ஒரு சிரிப்போடு. தவறிப்போய்த் திரும்பிய முகம் சிரிக்காது. எனக்கு அந்த நொடியே புரிந்தது, அவர் கொடுத்த வாக்கும் ஞாபகம் வந்தது. அதற்குள் என் பாழாய்ப்போன வாய் கத்திவிட்டது.

"சார், முகம் தெரியுது! இன்னொண்ணு போகணும்!"

பெட்டிகள் அப்பளமாகக் கிடந்தன. நாளைக்குப் புதுப் பெட்டி கொண்டுவந்து எடுக்கலாம் என்றார் சண்டைப் பயிற்சியாளர். கிடங்கை இன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்றார் இயக்குநர். முடியாது என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னோடது சார். அதையே நிமித்தி ஒட்டச் சொல்லுங்க, குதிக்கிறேன்" என்றார். வேண்டுமென்றே செய்த தப்பாயிற்றே, அதனால் புதுப் பெட்டி கேட்க அவருக்குக் கூச்சம்.

நசுங்கிய பெட்டிகளை நிமிர்த்தி டேப் போட்டு ஒட்டினோம். நானும்தான் ஒட்டினேன். படியேறப் போனவர் என் தலையில் செல்லமாகத் தட்டி, "கழுகுக் கண்ணுடா உனக்கு" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

இரண்டாவது தடவை முதுகைச் சரியாகக் காட்டிக் குதித்தார். பெட்டிகள் தாங்கவில்லை. அவர் சிமென்ட் தரையில் கிடந்தார், கழுத்து ஒரு பக்கம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். அண்ணி வாசலில் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் படத்தின் பக்கமே நான் போகவில்லை.

நாலு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். "படம் வந்திருக்காம் தம்பி. தனியாப் போக மனசு வரலை. கூட வர்றீங்களா?"

காலைக் காட்சி. மொத்தம் இருபது பேர் இருந்திருப்பார்கள். ஜன்னல் காட்சி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. அண்ணன் குதித்தார். தலை திரும்பியது. அதே முகம், அதே சிரிப்பு. இரண்டாவது தடவை எடுத்ததில் தப்பி ஓட வேண்டியவன் எழுந்திருக்கவே இல்லை, அதைப் பயன்படுத்த முடிந்திருக்காது. அவர் விழுந்ததும் ஒளிப்பதிவாளர் கேமராவை விட்டுவிட்டு ஓடியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"டேய், ஹீரோ மூஞ்சி மாறிடுச்சுடா!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. அண்ணி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

கும்பல் பிடிபட்டு, படம் முடிந்து, விளக்குப் போட்டார்கள். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தானே குதிச்சிருக்காரு தம்பி. அப்புறம் எதுக்கு ரெண்டாந்தரம் குதிக்கச் சொன்னாங்க?"

அந்த ஒன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து நான் அண்ணியிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

"முகம் தெரிஞ்சிடுச்சு அண்ணி. நான்தான் பாத்துச் சொன்னேன்."

அண்ணி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வெறும் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் பாக்கணும்னுதான் தம்பி காட்டினாரு."