பத்து மாதம் சுமந்த அப்பா

காளவாசலில் நான் வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு நினைவஞ்சலிக் கவிதைகள் இருக்கின்றன. பெற்றவரைப் பறிகொடுத்தவர்கள் கண் வீங்கி வந்து நிற்பார்கள். வாசித்துக் காட்டுவேன். "அஞ்சாம் நம்பரப் போடுங்கண்ணே" என்பார்கள். படத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது.

என் அப்பாவின் முதல் நினைவு நாளுக்கும் அஞ்சாம் நம்பரைத்தான் போட்டேன். அது அம்மாக்களுக்கு உள்ளது. அவசரத்தில் 'அம்மா' என்று வந்த இடத்தில் எல்லாம் 'அப்பா' என்று மாற்றியவன், ஒரு வரியைக் கவனிக்கவில்லை. மறுநாள் தெருச் சுவரில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'பத்து மாதம் சுமந்த தெய்வமே' என்றிருந்தது.

"மாப்ள, ஒன்னயப் பெத்தது ஒங்கப்பாவா? சொல்லவே இல்ல!" என்று டீக்கடையே சிரித்தது.

அன்றைக்கு வெட்கம் மட்டும்தான். பயம் போன வாரம்தான் வந்தது.

என் மூத்த மகளே, அப்பாவை இழந்தவர்கள் எழுதிய இரண்டு கவிதைகளை ஒப்பிட்டு எழுத வேண்டும் என்று பள்ளியிலிருந்து கொண்டுவந்தாயே. ஒன்றில் அப்பா மலை, விளக்கு, தெய்வம். இன்னொன்றில் பெரிதாக ஒன்றுமே இல்லை. ஆணியில் அப்பாவின் சட்டை தொங்குகிறது. வியர்வை வாசம் போய்விடும் என்று மகன் அதைத் துவைக்காமல் வைத்திருக்கிறான்.

"எதுப்பா நல்லாருக்கு?"

"மொதக் கவிததான் தாயி. எம்புட்டு வார்த்த!"

"அது யாரு அப்பாவுக்கும் பொருந்தும்ப்பா. ஒங்க கடைக் கவித மாதிரி."

நீயும் தம்பியும் சிரித்தீர்கள். என் அப்பாவின் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் போஸ்டர் வரிதான் திரும்பத் திரும்ப வந்தது.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை முடிவு தெரியும். "பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார் டாக்டர். ஆபரேஷன் கத்திக்கு நான் பயப்படவில்லை. நீங்கள் இருவரும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஒரு நம்பரைச் சொல்வீர்களோ என்றுதான் பயம்.

நேற்று நீ துணி துவைக்க என் கடைச் சட்டையை எடுத்தாய்.

"மை நாத்தம் கொடலப் புடுங்குதுப்பா."

"கெடக்கட்டும் தாயி, வையி."

"எதுக்குப்பா?"

பிடுங்கி ஆணியில் மாட்டினேன். நீ கொண்டுவந்த இரண்டாவது கவிதையில் ஒரு சட்டை தொங்கியதே, அதற்குத்தான்.