தம்பிக்குக் கொடுத்த மருந்து

தம்பி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். முதலில் அவனுக்குக் கூரை எட்டாமல் போனது. ரோலரைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள்பட்டை பாதியிலேயே நின்றுவிடும். நீளமான கம்பில் ரோலரைக் கட்டி, இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்துச் சமாளித்தான். கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "வயசாகுதுல்ல" என்று சிரித்து மழுப்பினான். முப்பதுகூட ஆகவில்லை.

அக்காவுக்கு அது புதிதல்ல. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சட்டை மாட்டக் கை தூக்க முடியாமல் போய், படியேற முடியாமல் போய், கடைசியில் மூச்சை இழுத்துவிட நெஞ்சுச் சதைக்கே தெம்பில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அப்பா இறந்த வருடம்தான் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். செல்களைப் பற்றிப் படித்தாள், முனைவர் பட்டம் வாங்கினாள். தெருவே அவளை டாக்டரம்மா என்றது. யாராவது காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தால் தம்பி வாசலிலேயே மறித்துவிடுவான். "இது ஊசி போடத் தெரியாத டாக்டருங்க. உங்க சளிய கண்ணாடியில தடவி வேடிக்கை பாக்கும், அவ்வளவுதான்."

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில். அப்பாவைக் கொண்டுபோன நோய் பரம்பரையாக வருவது என்று தெரிந்திருந்தது. சதைக்குள் அது என்ன செய்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. துறைத் தலைவரிடம் மன்றாடி அனுமதி வாங்கினாள். தம்பியின் தோளிலிருந்து ஒரு துண்டுச் சதை, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தன் தோளிலிருந்து ஒன்று. இரண்டையும் ஒரே காலையில், ஒரே அறையில் எடுத்தார்கள்.

"எனக்குக் குறைச்சலா இருக்கறதே சதை ஒண்ணுதான். அதுலயும் பங்கு கேக்கறியே" என்றான் தம்பி, மரத்துப்போன தோளைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு சின்னத் துண்டுடா."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. அக்கா கேட்டு நான் எதை இல்லைன்னேன்?"

துண்டுகள் சின்ன டியூப்களில் போயின. அவற்றிலிருந்து செல்கள் தட்டுகளில் வளர்ந்தன. அவள் பிள்ளைகளைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டாள். அவற்றுக்கு ஊட்டமான லேசான சிவப்பு நீரை மாற்றிவிடுவாள், சூட்டுப்பெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்ப்பாள். பிறகு சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, தம்பியின் பெயர் போட்ட தட்டில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கறுப்புப் புள்ளிகள் அப்பிக்கிடந்தன. தன் பெயர் போட்டதில் அப்படி இல்லை.

அன்று சாயங்காலமே தம்பியிடம் ஓடினாள். "ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள பழுதுபட்டதை ஒரு பையில போட்டுக் கரைச்சு, திரும்ப எடுத்துக்கும்டா. உனக்கு அந்தப் பை காலியாகவே மாட்டேங்குது. குப்பை வண்டி வராத தெரு மாதிரி நாறிக் கிடக்கு. அதுலதான் சதை சாகுது."

"அப்ப வண்டியை வரச்சொல்லு" என்றான் அவன். தம்பி மனைவிகூடச் சிரித்தாள்.

கட்டுரை வெளியானது. நல்ல பத்திரிகை. துறைத் தலைவர் மேடை மேடையாக ஏறினார். அவளுக்குத் தனி அறை கிடைத்தது. வேறு நாடுகளிலிருந்து அந்தச் செல்களைக் கேட்டு எழுதினார்கள். உலர்பனிக்கட்டியில் வைத்து அனுப்பினாள். ஆஸ்பத்திரியின் நரம்பு மருத்துவர் கட்டுரையைப் படித்துவிட்டு, செல்லை விரட்டிக் குப்பையை அள்ளவைக்கும் மாத்திரை ஒன்று ஏற்கெனவே வேறு நோய்க்குப் புழக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். பரீட்சார்த்தமாகத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. முதல் மாத்திரையை அவன் அக்காவின் எதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டிக் காட்டினான்.

கொஞ்ச நாளில் அந்த நாக்கெல்லாம் புண். உதட்டின் உள்பக்கம், கன்னம், தொண்டை. சின்னக் கீறல்கூட ஆற மாட்டேன் என்றது. சளி பிடித்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி.

"அண்ணி, தண்ணி குடிச்சாலே எரியுதுங்கறாரு. கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாமா?" தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று தணிந்த குரலில் கேட்டாள்.

"இப்ப நிறுத்தினா இதுவரைக்கும் பட்ட கஷ்டமெல்லாம் வீணாயிடும்மா. உள்ள வேலை செய்யுது. எனக்குத் தெரியும்."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

வேலை செய்யவில்லை. ஏணியை விட்டான், பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலைக்குப் போனான். டப்பா மூடியைத் திறக்க முடியாமல் அதையும் விட்டான். பிறகு சக்கர நாற்காலி. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: மாத்திரை இல்லாவிட்டால் இன்னும் வேகமாகப் போயிருக்கும். நரம்பு மருத்துவரும் தலையாட்டினார்.

அப்புறம்தான் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதினாள். மிகவும் மரியாதையான வரிகள். தங்கள் பக்கம் ஏதாவது தவறு நடந்திருக்கலாம், ஆனாலும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறோம். ஆண் நோயாளியுடையது என்று நீங்கள் அனுப்பிய செல்கள் ஒரு பெண்ணின் செல்களாக இருக்கின்றன.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அவர்கள்தான் குளறுபடி செய்திருப்பார்கள். செல்களை உறையவைத்திருந்த கிடங்குத் தொட்டியிலிருந்து தம்பி பெயர் போட்ட மிகப் பழைய டியூப்பை எடுத்துத் தானே சோதித்தாள். பெண். தன் பெயர் போட்டதைச் சோதித்தாள். ஆண். தம்பியின் ரத்தத்தையும் தன் ரத்தத்தையும் புதிதாக எடுத்து ஒப்பிட்டாள். முதல் நாளே பெயர் மாறிப்போயிருந்தது. சதையை எடுத்த அறையில் மாறியதா, கொண்டுவந்த ஆள் மாற்றினாரா, பெயர்ச் சீட்டை ஒட்டும்போது அவளே மாற்றி ஒட்டினாளா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

அந்தக் கறுப்புப் புள்ளிகள் அத்தனையும் அவளுடையவை. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. தினமும் மாடிப்படியேறித்தான் வேலைக்கு வருகிறாள். எந்த இரண்டு ஆட்களின் செல்களை எடுத்தாலும் ஏதோ ஒன்று வித்தியாசமாக இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசத்துக்குத்தான் அவள் நோய் என்று பெயர் வைத்திருந்தாள். தம்பியின் நிஜச் செல்கள் அவள் பெயரில், பளிச்சென்று, பக்கத்துத் தட்டிலேயே இருந்திருக்கின்றன. நோயில்லாதவை என்று அவற்றை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எழுதினவங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும்."

"ரெண்டும் ஒரே வீட்டுச் செல்தானேம்மா. சின்னதா ஒரு திருத்தம் போட்டுட்டுப் போயிடலாம்."

"சார், மாத்திரை சாப்பிடறது என் தம்பி."

"அதனாலதான் சொல்றேன். அவருக்கு எதுக்கு மனக்கஷ்டம்?"

அவள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினாள். செல்களைக் கையாண்டதில் தனக்கு நேரடித் தொடர்பில்லை என்று துறைத் தலைவர் தனியாக ஒரு விளக்கம் எழுதித் தப்பித்துக்கொண்டார். அவளுடைய அறையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர் மேசை இழுப்பறையைக் காலி செய்து தரும்படி பணிவாகக் கேட்டார்.

தம்பியிடம் சொல்லப் போன அன்று நல்ல வெயில். அவன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப என்னோடதுல குப்பை இல்லையா?"

"இல்லடா."

"உன்னோடதுலதான் இருந்துச்சா?"

"ஆமா."

"உன் குப்பைக்கு நான் மருந்து சாப்பிட்டேனா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்ததில் உதட்டுப் புண் வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. அக்கா எழுந்தாள். அதற்குள் மனைவி வந்து துடைத்தாள். பிறகு மாத்திரை அட்டைகளை எடுத்துப்போய், ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழுவு தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. அதன்பிறகு அவள் வாயில் அந்தச் சொல் வரவேயில்லை.

சில வாரங்கள் கழித்து அக்கா மறுபடி போனாள். "உன் செல் பத்திரமா இருக்குடா. யாருதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அதை வச்சு முதல்லருந்து பாக்கறேன். வேற யார் ஆய்வகத்துலயாவது ஒரு மூலையில இடம் கேட்டு..."

"கொட்டிடு."

"அவசரப்படாதடா. இப்பதான் சரியான செல் கையில இருக்கு."

"அப்பவும் சரியான செல்லுன்னுதான் சொன்ன." அவன் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். "என் சதைதானே? திருப்பிக் கேக்க எனக்கு உரிமை இருக்குன்னு, சதை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஒப்புதல் தாளை நீதானே வாசிச்சுக் காட்டின? கொட்டிடு."

கொட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அந்த நோயுள்ள வேறு குடும்பங்களும் எங்கேயோ இருந்தன; அவர்களையும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் அவனிடம் சொன்னவற்றில் இது ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும் என்று தோன்றியது. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்க் கிடங்குத் தொட்டியின் மூடியைத் திறந்தாள், வெண்புகை கை மேல் வழிந்தது, அவனுடைய டியூப்களை எடுத்து கிருமிகளைக் கொல்லும் நீராவிக் கலனுக்குள் வைத்துத் திருகி மூடினாள். சூடு ஏறி இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஒன்றையும் விடவில்லை.

இப்போது அவள் ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போவாள். தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உட்காருங்கள் என்று சொல்ல மாட்டாள். வாய்ப்புண் ஆறிவிட்டது. ஆனால் மூச்சுக்கு இயந்திரம் வந்துவிட்டது. மூக்கில் முகமூடியோடு அவன் தொலைக்காட்சி பார்ப்பான். இருவரும் விளையாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசிக்கொள்வார்கள்.

போன வாரம் ஆட்டத்தின் நடுவில், முகமூடியை விலக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினான்.

"அக்கா, அதைக் கொட்டாம இருந்திருந்தா இந்நேரம் ஏதாச்சும் கண்டுபிடிச்சிருப்பியா?"

வெளிநாட்டுப் பெண்மணியின் குழு அதே நோயுள்ள வேறு ஒரு குடும்பத்தின் செல்களில் எதையோ பார்த்திருக்கிறது என்று அவள் அந்த மாதம்தான் படித்திருந்தாள். தம்பியின் செல்களில் அவளும் தேடியிருக்கக்கூடிய இடம்தான் அது.

"இல்லடா. ஒண்ணும் கிடைச்சிருக்காது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. "சத்தத்தைக் கூட்டு" என்றான். அவள் முகமூடியை மாட்டிவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.