நான் எழுதச் சொன்ன மன்னிப்புக் கடிதம்

இதை எழுத நாலைந்து வருடம் தயங்கினேன். தப்பில் பெரும்பாதி என்னுடையது என்பதுதான் காரணம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்குக் கம்ப்யூட்டர் விஷயம் எழுத என்ன யோக்கியதை என்றும் இருந்தது. சுவாமி சாட்சியாக நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில், டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரில் இருக்கிறோம். எங்கள் பிள்ளையார் கோயில் அப்போது ஒரு கடைவரிசையில், பல் டாக்டருக்கும் பீட்சா கடைக்கும் நடுவே வாடகைக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை அர்ச்சனை வரிசை பார்க்கிங் வரை போகும். ஒவ்வொரு குடும்பத்திடமும் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டு எழுதுவதற்குள் தீபாராதனை நேரம் வந்துவிடும். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் சில ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கோயில் வெப்சைட்டில் அதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். விவரங்களை ஒருமுறை பதிந்தால் போதும். அடுத்த வாரம் போன் நம்பரைத் தட்டியதும் எல்லாம் தானே வந்து நிற்கும். அவருக்கு அது கைங்கரியம்.

ஒரு வருடம் ஓடியது. கோயில் முகவரிக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தது. ஒருவர் முன்பு கொடுத்த விவரங்களை வைத்திருந்து, மறுமுறை வரும்போது தானாக நிரப்பிக் காட்டுவது தங்கள் கம்பெனியின் கண்டுபிடிப்பாம், வேறு யாரும் அதைச் செய்யக் கூடாதென்று பேட்டன்ட் இருக்கிறதாம். பணம் கட்டி லைசென்ஸ் வாங்கு, இல்லாவிட்டால் கோர்ட் என்றிருந்தது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதைப் போய் கண்டுபிடிச்சானாம்! நான் வேலைக்குச் சேர்ந்த மொத மாசமே எழுதினது இது. உலகத்துல எல்லாரும் எழுதறது. நம்ம குருக்கள்கூடத்தான் உன் மூஞ்சியப் பாத்ததும் நட்சத்திரம் சொல்றாரு. அவர் மேலயும் கேஸ் போடட்டும்!"

"கத்தாதீங்க. கோயில் விஷயத்துல சண்டை வேணாம். தெரியாம பண்ணிட்டோம், மன்னிச்சுடுங்கன்னு நாலு வரி எழுதிப் போடுங்க. அவங்களும் மனுஷங்கதானே?"

"நாம தப்பே பண்ணலையேடி."

"பண்ணலைன்னா என்ன? ஸாரி சொன்னா குறைஞ்சா போயிடுவோம்?"

பக்கத்தில் இருப்பவர் மேல் கால் பட்டால், யார் கால் பட்டது என்று பார்க்காமல் இரண்டு பேருமே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். மூன்று நாள் விடாமல் சொன்னேன். 'உங்கள் முறையைத் தெரியாமல் பயன்படுத்திவிட்டோம், மன்னிக்கவும்' என்று அவர் எழுதினார். பிள்ளையார் பாதத்தில் வைத்து எடுத்துத் தபாலில் சேர்த்தது நான்தான்.

பதிலில் எங்கள் வரியையே எடுத்துப் போட்டு, 'நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்' என்றிருந்தார்கள். அதன் பிறகுதான், கோயிலுக்கு வரும் வக்கீல் அங்கிளிடம் ஓடினோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரக் கேட்டும்மா ரிப்ளை பண்ணீங்க? என்கிட்ட வந்திருந்தா, இத உங்களுக்கு முன்னாடியே பல பேர் பண்ணியிருக்காங்கன்னு ஸ்ட்ராங்கா ஒரு லெட்டர் போட்டிருப்பேன். இப்ப நீங்களே கையெழுத்துப் போட்டு குடுத்துட்டீங்களே!"

"இப்ப ஃபைட் பண்ண முடியாதா அங்கிள்?"

"பண்ணலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஆனா ஆகற செலவுக்கு, கேஸ் முடியற வரைக்கும் கோயில் இருக்கணுமே."

கமிட்டி கூடிப் பேசி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டது. பழையபடி நோட்டும் பேனாவும் வந்தன. எல்லாரும் செய்கிற ஒரு வேலைக்கு ஒருத்தர் மட்டும் எப்படிப் பட்டா வாங்க முடியும், எந்த ஆபீசர் அதற்கு முத்திரை குத்தினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. குக்கரில் மூன்று விசில் வைத்துச் சாதம் இறக்குவது என் கண்டுபிடிப்பு என்று நான் எழுதிக் கொடுத்தால் சிரிக்க மாட்டார்களா?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிரசாத வரிசையில் ஒரு ஆண்ட்டி என்னிடமே, "உங்க ஹஸ்பண்ட் ஆபீஸ் புரோகிராம காப்பி பண்ணிட்டாராமே?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் அது இன்னொரு விதமாகச் சுற்றியது. யாரோ எழுதிய புரோகிராமைத் திருடிக் கோயிலை மாட்டிவிட்டார் என்று. ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் அவர். இப்போது வெள்ளிக்கிழமைகளில் என்னை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். "நீ போயிட்டு வா" என்பார், அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பிள்ளையாரிடம் நான் எத்தனையோ முறை சண்டை போட்டாகிவிட்டது.

அவர் திருடவில்லை. ஒப்புக்கொள்ள வைத்தது நான். இதை யாருக்காவது அனுப்பினால் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அனுப்புங்கள். பாவம் பொம்பளை என்று இரக்கப்பட்டு, நான் எழுதச் சொன்ன இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் மிச்சத்தைப் படிக்கிறவர்கள் பழியை மறுபடியும் அவர் மேல்தான் போடுவார்கள்.