மேட்டிலிருந்து லயத்துக்கு ஒரே வயர்

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்மேல் உள்ள நம்பிக்கை சாமிமேல்கூட இருந்ததில்லை. கூரைத் தகரம் ஒழுகினாலும் ரப்பர் பால், செருப்பு பிய்ந்தாலும் ரப்பர் பால். கேகாலைப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், வேறு எதை நம்புவார்? எலி கடித்த இன்டர்நெட் வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு, அதன்மேலும் பாலைத்தான் பூசினார்.

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே மேட்டில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் இருக்கும் பெட்டி, டவுன் டவரிலிருந்து வரும் இணைப்பைப் பிடித்து, இந்த வயர் வழியாக என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பெட்டிக்கு வேண்டிய கரண்டும் இதே வயரில்தான் மேலே போகிறது. கொழும்புக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்வது என் வேலை.

அவர் பூசிய பால் ஒரு பெருமழைக்குக்கூடத் தாங்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. இனி ஒரு தடவை அறுந்தால் கொழும்பில் வந்து தங்கி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மகளுக்கு அப்போது நாலு வயது. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

நாத்தனார் கொடுமை என்று ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தவர் தங்கம். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், மாவனல்லையில் ஓர் எலக்ட்ரிக் கடையில் இருக்கிறார். கூரையில் கேமரா பூட்டுவது, டவருக்கு வயர் இழுப்பது எல்லாம் அவர் வேலைதான். போன் செய்ததும் அந்த ஞாயிறே பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்ததும் ஒட்டைப் பிரித்தார். செம்பு பச்சை பூத்திருந்தது. பால் இளகிப் பிசுபிசுத்தது.

"டேய் தம்பி, பால் உறையாம இருக்க ஊத்துற மருந்து செம்பத் தின்னுரும்டா. வயருக்குப் பாயாசமா ஊட்டுன?"

"தண்ணி உள்ள போகாதுன்னு நெனச்சேன்க்கா."

"தண்ணி போகல. வயருக்கு உசிருதான் போயிருச்சு."

பிறகு கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறம் உரிந்து வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. "இதுல கரண்டு மேல போய்ச் சேர்றதுக்குள்ள இளைச்சுப் போயிரும்" என்றார். வீட்டுக்குள் மட்டுமே இழுக்கவேண்டிய சாம்பல் நிற வயர் அது, வெயில் பட்டு வளைத்த இடமெல்லாம் வெடித்திருந்தது. அதுவும் போதாதென்று, பால் சிரட்டையை மரத்தில் மாட்டும் கம்பியால் மரத்துக்கு மரம் அதைக் கட்டிவைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அந்தக் கம்பி உறையை அறுத்திருந்தது.

அந்த வாரத்துக்கு மட்டும் தாங்கும்படி ஒட்டைத் திருத்திவிட்டுப் போன அண்ணி, அடுத்த ஞாயிறு ஒரு கறுப்புச் சுருளோடு வந்தார். கல்யாணப் பட்டு எடுப்பதுபோல் கடையில் ஒவ்வொரு சுருளாகப் பிரித்துச் சுரண்டிப் பார்த்து எடுத்ததாம். முழுச் செம்பு, வெயில் தாங்கும் உறை, ஈரம் ஏறாமல் உள்ளே பசை, இடிமின்னலுக்குக் காப்பாகச் சுற்றிலும் மெல்லிய தகடு. ஒரு மரத்தைக்கூடத் தொடாமல், குழாய்க்குள் விட்டு, மேட்டிலிருந்து வாசல்வரை ஒட்டே இல்லாமல் இழுத்தார். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயரைத் தொங்கலாக வளைத்துவிட்டார், வழிந்து வரும் மழைநீர் அங்கேயே சொட்டிவிட. சுவரோரம் செம்புக் கம்பியொன்றை அடித்து இறக்கி எர்த் கொடுத்தார். கம்பத்தில் ஏறி நின்று கீழே இருந்த தம்பியை அவர் அதட்டிய அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. இப்படி ஒருத்தியாக நான் பிறக்கவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

சித்திரையில் ஒரு பிற்பகல், வானம் பிளந்ததுபோல் இடி. காலி நகரத்திலிருந்து ஒரு அம்மா சிங்களத்தில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மின்னலுக்கும் என் கண் இணைப்பு விளக்குக்குப் போய்வந்தது. அந்த அம்மா திட்டி முடித்து, சமாதானமாகி, நன்றியும் சொல்லிப் போனை வைத்தார். இணைப்பு அசையவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அசையவில்லை. மேலாளர் கொழும்புப் பேச்சை மறந்தேபோனார்.

அண்ணிக்குப் போன் போட்டேன். "ரெண்டு ஞாயித்துக்கெழம லீவையும் எங்களுக்காகவே விட்டீங்களே அண்ணி, எப்படித்தான் நன்றி சொல்றதுன்னு தெரியல."



"நான் குவைத்துல வீட்டு வேல செஞ்சு திரும்பி வந்தன்னைக்கு, ஏர்போட்ல என் மவன் என்னைய 'ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டான்" என்றார். "சரிம்மா, கடையில ஆளு நிக்கிறாங்க. வைக்கிறேன்."