நாலாவதாக நின்ற அம்மா

நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை போடுவதில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அப்படிப்பட்ட எனக்கு, ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீட்டுக்குள்ளேயே போன வைகாசியில் நடந்தது இது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். படங்களை வெட்டவும் சுருக்கவும் போன் செயலிகள் பயன்படுத்துகிற லைப்ரரி என்கிற ஒரு பொது மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. அதில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைப்பது நான்தான். அந்த வாரம் வந்தது பெரிய ஓட்டை. படத்தில் வேண்டாத பகுதியை நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். போகவில்லை. வெட்டிய துண்டு அதே கோப்பின் வாலில் ஒளிந்துகொண்டிருக்கிறது. விவரம் தெரிந்தவன் அதை வெளியே இழுத்துவிடுவான். ஏடிஎம் கார்டைப் படம் எடுத்து, நம்பரை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பியவர்களின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்குள் சரிசெய்து அனுப்ப வேண்டும் என்று எங்கள் டீம் லீடர் ஆன்சி சொல்லியிருந்தார்.

சோதித்துப் பார்க்க, வெட்டிய படம் ஒன்று வேண்டியிருந்தது. என் மனைவி வைஷ்ணவியின் போனிலிருந்து முக்கொம்புப் படத்தைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தேன். சித்திரையில் அந்த அணைக்கட்டைச் சுற்றிப்பார்க்கப் போனபோது எடுத்த படம். நான், நடுவில் வைஷ்ணவி, அந்தப் பக்கம் அவள் தம்பி சரவணன். மூன்று பேர் மட்டும் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்களே, வைஷ்ணவிக்கு அதில் பயம் உண்டு. அங்கே மாங்காய் நறுக்கி விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, சரவணனுக்குப் பக்கத்தில் நாலாவதாக நிறுத்தினாள். பெயர் வீராயி என்றார்.

படம் எடுத்து முடித்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

“என்னைய மட்டும் வெட்டிடாதீங்க தம்பி. அப்புறம் எனக்கு நிக்க எடம் இருக்காது.”

சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வைஷ்ணவியின் போனிலேயே வெட்டினேன். கிழிந்த சேலையும் மாங்காய்த் தட்டும் குடும்பப் படத்தில் எதற்கு? அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எடுக்கும்போது நாலு பேர்தானே, தோஷமில்லை என்று பிறகு அவளே சமாதானமாகிவிட்டாள்.

இரவு 11.40. வைஷ்ணவி படுக்கையறையில் தூங்கிவிட்டாள். நான் கோப்பின் வாலிலிருந்து துண்டை வெளியே இழுத்தேன். வீராயி வந்தார். கையில் தட்டு. பார்வை நேராகக் கேமராவில். ஓட்டை உறுதி.

எதையும் இரண்டு தடவை பார்ப்பது என் வழக்கம். மறுபடி இழுத்தேன்.

தட்டு இல்லை. கையில் கத்தி மட்டும் இருந்தது.

அதே கோப்பு. அதில் எதுவும் மாறவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, மூன்றாவது தடவை இழுத்தேன்.

வீராயி கேமராவைப் பார்க்கவில்லை... தலையைத் திருப்பி, சரவணனைத் தாண்டி, வைஷ்ணவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் கட்டுகிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். 1.30க்குத் திருத்தம் முடிந்தது. இனி வெட்டினால் துண்டு அழிந்துவிடும். ஏற்கெனவே வெட்டிய படங்களின் வாலையும் செயலி தானாகவே துடைத்துவிடும். முக்கொம்புப் படத்துக்கு இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தத்தை முதல் நகலில் ஓட்டினேன். பிறகு துண்டை இழுத்துப் பார்த்தேன். வெறும் கறுப்பு.

நாற்காலியில் சாய்ந்தேன்.

சரக்...

ஹாலில் ஏதோ சத்தம்.

சரக்... சரக்...

மாங்காய் நறுக்குகிற சத்தம். கூடவே உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த வாசனை. எங்கள் வீட்டில் அன்று மாங்காயே இல்லை.

விளக்கைப் போட்டேன். ஹாலில் யாரும் இல்லை. சத்தம் படுக்கையறைக்குள் போய்விட்டிருந்தது.

கதவைத் தள்ளினேன். வைஷ்ணவி கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“கொஞ்சம் தள்ளிக்கங்க...”

“யாரு?”

“அந்தம்மா நிக்க எடம் வேணுமாம்...”

தலையணையில், அவள் கன்னத்தை ஒட்டி, சிவப்பாக ஒரு பொடி.

மிளகாய்த்தூள்.

ஓடினேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எடுத்து வைத்திருந்த நகலைப் பழைய இடத்தில் போட்டேன். துண்டை இழுத்தேன்...

வீராயி வந்தார். கையில் தட்டு. பார்வை கேமராவில்.

சத்தம் நின்றது. வாசனை போய்விட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. வெட்டிய துண்டு வாலில் இருக்கும்வரை படத்தில் நாலு பேர். துடைத்தால் மூன்று. நின்றவருக்கும் இடம் இல்லை, நடுவில் நிற்பவருக்கும் ஆகாது.

2.50க்குப் போன் அடித்தது. ஆன்சி.

“நவநீதன், முடிஞ்சுதா?”

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ படங்கள்... வெட்டப்பட்ட நாலாவது ஆட்கள்... சொன்னால் சிரிப்பார். வேலை போகும். என் வீட்டுப் படம் பத்திரமாக இருக்கிறது. தனக்குப் போகத்தானே தானமும் தர்மமும்? ஊரார் படத்துக்கெல்லாம் நான் ஜவாப்தாரியா?

“முடிஞ்சுது மேடம். இதோ அனுப்பறேன்.”

அனுப்பிவிட்டு, வைஷ்ணவிக்குப் பக்கத்தில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிக நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அவளை எழுப்பினேன்.

எழவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

விடிகிற நேரத்தில் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். அவள் போன் தலைமாட்டில் கிடந்தது. திரையில் ஓர் அறிவிப்பு.

‘4.12. செயலி புதுப்பிக்கப்பட்டது. பழைய படம் 1 சுத்தம் செய்யப்பட்டது.’

நான் காப்பாற்றி வைத்தது கம்ப்யூட்டரில் இருந்த நகலைத்தான். அசல் அவள் போனில் இருந்தது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கொடுக்க, மறுநாள் தாஜுதீன் பாயின் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் படத்தைத் திறந்ததும் என்னைப் பார்த்தார்.

“நடுவுல நிக்கிறவங்களா தம்பி?”

“ஆமா பாய். எப்படித் தெரியும்?”

“நேத்துலேந்து வர்றதெல்லாம் இப்படித்தான் இருக்கு. மூணு பேர் படத்தைக் கொண்டாந்து குடுக்குறாங்க. நடு ஆள மட்டும் எடுத்துப் போடச் சொல்றாங்க. உங்களுது பதினொண்ணாவது.”

அவர் என்னையும் சரவணனையும் வெட்டிக்கொண்டிருந்தபோது என் போனில் ஆன்சியின் மெயில் வந்தது.

‘நவநீதன், இழப்புக்கு வருந்துகிறேன். நீங்கள் செய்த திருத்தம் இதுவரை நாலு கோடி போன்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு புகார்கூட இல்லை. நல்ல வேலை.’