"இல்லை"யும் "தெரியா"வும்

டொரின் அக்காவின் தம்பி தன்னாமுனையிலிருந்து தொலைபேசியில், "அக்கா போயிற்றா" என்றார். "எங்க?" என்று கேட்டேன். சாவுச் செய்தி என்று உறைக்கவில்லை; பகிடி எழுதிப் பிழைக்கிறவனின் மூளை அவ்வளவுதான்.

நமது கணினிப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பறங்கிப் பெண், பூப்போட்ட கவுன், சேவையகத்துக்கு ஏகபோக ராணி. அவருக்குக் கீழே நான் நிரல் எழுதினேன், அதாவது ஏச்சு வாங்கினேன். அவர் கலியாணம் முடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த வங்கிக்காரர் தேநீர் ஆறுமுன்னே தன் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டாராம். "கலியாணத்துக்கு மறுகா எதைத்தான் மறைப்பான்?" என்று அக்கா அவரை அனுப்பிவிட்டாராம். இது நான் கேள்விப்பட்டது. பரப்பியதும் நான்தான்.

சுனாமிக்குப் பின் நிலையம் திறந்த வாரம், குருக்கள்மடத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகள் எங்கள் மாணவி. கடல் கொண்டுபோனதா, ஏதாவது முகாமில் இருக்கிறாளா, தெரியவில்லை. எங்கிருந்தாவது தன் கணக்கைத் திறந்திருந்தால் இங்கே பதிவாகியிருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. பயனர்பெயரைக் கொடுத்தால் முழுப்பெயர், எண், கடைசியாக உள்நுழைந்த நாள் எல்லாம் காட்டும். தட்டினேன். திரையில் வந்தது: "அப்படி ஒருவர் இல்லை."

தகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அரிசி முடிந்தால்கூட, இல்லை என்ற சொல் வாயில் வரக்கூடாதென்று, "நிறைஞ்சிற்று" என்கிற ஊரில், ஒரு பெட்டி பிள்ளையை இல்லை என்றது.

அக்கா ஓடிவந்தார். "ஐயா, இரிங்க. அது இல்ல என்டு சொல்லல்ல. அதுக்குத் தெரியா." பிறகு என்னிடம்: "கணக்குகள் கிடக்கிற மெஷின் ராத்திரி கரண்ட் போனதில படுத்தது, இன்னும் எழும்பல்ல. தேடி ஆளில்லாட்டியும் வெறுங்கை, தேடவே ஏலாட்டியும் வெறுங்கை. இந்தப் பேய் நிரலுக்கு ரெண்டும் ஒண்டு. உனக்குமா மனே?"

மெஷின் எழும்பியதும் மறுபடி கேட்டோம். கணக்கு இருந்தது. அலைக்குப் பின் யாரும் அதைத் திறக்கவில்லை.

"அப்ப?" என்றார் தகப்பன்.

"தெரியா, ஐயா."

அதைவிட நல்ல பதில் அக்காவிடம் இல்லை. அதைவிடக் கெட்டதை அவர் சொல்லவும் மாட்டார். நிரலைத் திருத்தி, "இல்லை"க்கு ஒரு வரி, "தெரியாது"க்கு வேறொரு வரி வைத்தோம். தகப்பன் அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் வந்து கேட்பார். அதே பதிலோடு போவார்.

யுத்தம் முடிந்த வருடம் புதுச் சேவையகம் வந்தது. பாவிக்காத கணக்குகளை நீக்கும்படி உத்தரவும் வந்தது. காணாமல்போனவர்களைத் தேடி வாசல்வாசலாக ஏறியவர்களுக்கு "அப்படி ஆள் இல்லை" என்ற பதில் தாராளமாகக் கிடைத்த காலம் அது. அந்தக் கணக்கை மட்டும் அக்கா தொடவில்லை. "ஆரும் கேட்டா, டொரின் சொன்னவ என்டு சொல்லு. தெரியாத ஒண்ட நான் இல்லையாக்க மாட்டன்."

அக்காவின் கணக்கைப் போன கிழமை நான்தான் நீக்கினேன். அவர் குழியில் மண் போட்டவன் "தெரியாது" என்று சாட்டுச் சொல்ல முடியாது. இப்போது அவர் பெயரைக் கேட்டால் நிரல் "இல்லை" என்கிறது, சரியாகவே. அந்தப் பிள்ளையின் பெயரையும் தட்டிப் பார்த்தேன். இருக்கிறது. இனி அது என் பொறுப்பில்.

மார்கழியில் தகப்பன் வருவார். என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.